நீர்ச்செடித் தொட்டி: மண் வாங்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் நீர்ச்செடி வாங்க வரும் புதியவர்களின் பையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தாலே, அடுத்த இரண்டு மாதங்களில் அவர்கள் எங்கே இடறப்போகிறார்கள் என்பதை ஓரளவு சொல்லிவிட முடிகிறது. அந்தத் தவறுகளுள் பல, தொடக்கத்தில் நானும் செய்தவை. தீனியை அள்ளிப் போடக் கூடாது, தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கக் கூடாது, குளோரின் நீக்காத தண்ணீரை ஊற்றக் கூடாது, வடிகட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பனவற்றை எல்லாக் கடைக்காரர்களும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதவற்றையும், சொல்லியும் காதில் விழாதவற்றையும் மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீரை அளக்காமல் மண் வாங்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதில் பணமும் போகிறது, செடியும் போகிறது, ஆர்வமும் போகிறது. எதனால் போயின என்பது மட்டும் இழந்தவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. “எனக்குச் செடி கைராசி இல்லை” என்று சொல்லிவிட்டுத் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது.

அக்வாசாயில் என்று கடைகளில் விற்கப்படும் கறுப்பு, பழுப்பு உருண்டைகள் வெறும் அலங்கார மண் அல்ல. ஊட்டம் மிகுந்த களிமண்ணைப் பதமாகச் சுட்டு உருண்டையாக்கிய பொருள் அது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளைத் தன்னிடம் பிடித்துக்கொண்டு, ஈடாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகிறது. அந்த ஹைட்ரஜன் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து அதை அழித்துவிடுவதால், தொட்டிக்காரர்கள் கேஹெச் என்று சொல்லும் கார்பனேட் கடினத்தன்மை பூச்சியத்தை நெருங்குகிறது. பிஹெச் அளவு 6-க்கும் 6.5-க்கும் இடையே வந்து நிற்கிறது. ரோட்டலா மாக்ரான்ட்ரா, டோனினா போன்ற செடிகளும் கிரிஸ்டல் ரெட் இறால்களும் விரும்புவது இந்தத் தண்ணீரைத்தான். மண்ணுக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இந்த வேலைக்கான கூலி என்றே சொல்லலாம்.

ஆனால் மண்ணின் இந்த ஆற்றல் வற்றாத ஊற்று அல்ல. மென்மையான தண்ணீரில் ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும் அதே மண், கடினமான தண்ணீரில் சில வாரங்களிலேயே ஓய்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். கேஹெச் ஒரு பாகை என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 60 லிட்டர் தொட்டியில் வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுகிறோம். ஊற்றும் தண்ணீரின் கேஹெச் 16 என்றால், ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ 8.6 கிராம் கால்சியம் கார்பனேட்டை அந்த மண்ணின் தலையில் கொட்டுகிறோம். புதிய மண் அம்மோனியாவை விடும் என்பதால், முதல் வாரங்களில் அடிக்கடி தண்ணீர் மாற்றும்படி மண் பையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த அறிவுரை மென்மையான தண்ணீருக்குப் பொருந்தும். நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு அதை அப்படியே பின்பற்றுகிறவர், மண்ணை அவ்வளவு விரைவாகத் தீர்த்துவிடுகிறார். டகாஷி அமானோ 1982-இல் நீகாட்டாவில் தம் நிறுவனத்தைத் தொடங்கி உலகெங்கும் பரப்பிய இந்த வளர்ப்பு முறை, பெரும்பாலும் மென்மையான தண்ணீரே கிடைக்கும் ஜப்பானில் உருவானது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வேளச்சேரியில் குடியிருக்கும் ஓர் இளைஞர், சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர்ப் பகுதியில் தம் நண்பர் வைத்திருந்த தொட்டியைப் பார்த்து மயங்கி, அதே மண், அதே விளக்கு, செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு ஊட்டும் அதே உருளை என ஒன்று விடாமல் வாங்கி வைத்தார். முதல் மாதம் செடிகள் சிவந்து நின்றன. அதன் பிறகு புதிய இலைகள் வெளிறி, நுனி சுருண்டு, தண்டு அடியிலிருந்து அழுகத் தொடங்கியது. உரம் போதவில்லை என்று கடையில் சொன்னதால் இருமடங்கு உரம் ஊற்றினார், பாசி படர்ந்தது. மண் போலியாக இருக்கும் என்று வேறொரு கடையில் சொன்னதால், தொட்டியை முழுவதும் கலைத்து, இன்னும் விலை கூடிய மண்ணை வாங்கிப் போட்டார். அதுவும் அதே வழியில் போனது. இரண்டு கடைகளிலும் ஒருவர்கூட “உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி?” என்று கேட்கவில்லை. நான் கேட்டபோது, “டிடிஎஸ் பாத்துட்டேன் அண்ணா, பரவாயில்லதான்” என்றார். அவருடைய குழாய்த் தண்ணீரில் கேஹெச் சோதனை மருந்தைச் சொட்டினோம். பதினாறாவது சொட்டில்தான் நீலம் மஞ்சளாக மாறியது, அதாவது கேஹெச் 16.

டிடிஎஸ் கருவி காட்டுவது, தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டுமே. கரைந்திருப்பது சாதாரண உப்பா, சுண்ணாம்புச் சத்தா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருத்தியிருக்கும் மென்னீராக்கியும் இங்கே உதவாது. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, பைகார்பனேட்டை அப்படியே விட்டுவிடுகிறது. அந்தத் தண்ணீரில் கேஹெச் குறையாததோடு, செடிக்குத் தேவையான கால்சியமும் இல்லாமல் போகிறது. வீட்டு ஆர்ஓ இயந்திரம் உதவும். ஆனால் சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைச் சிறிது கலந்து விடும் திருகு அதில் இருந்தால், அதை மூடிவிட்டு அளந்து பார்க்க வேண்டும். அமிலத் துளிகளை ஊற்றி பிஹெச்சை இறக்குவது இதைவிடக் கெடுதல். கேஹெச் மிகுந்த தண்ணீர் மறுநாளே பழைய நிலைக்கு ஏறிவிடும்; இடையில் அந்த ஏற்ற இறக்கத்தை மீன்கள்தாம் தாங்க வேண்டியிருக்கும்.

மீனுக்கு வரும் ஆபத்து இன்னொன்றும் உண்டு. புதிய மண் விடும் அம்மோனியா, பிஹெச் 6.5 உள்ள தண்ணீரில் பெரும்பாலும் கேடு குறைந்த அம்மோனிய அயனியாகவே இருக்கிறது. 30 பாகை செல்சியஸில் அதில் நச்சு வடிவம் 0.25 விழுக்காடு அளவே. பிஹெச் 8 ஆகும்போது அது 7.5 விழுக்காட்டை எட்டுகிறது. அதாவது ஏறத்தாழ முப்பது மடங்கு. தண்ணீர் மாற்றிய அன்று மாலையே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன என்று சொல்பவர்கள் இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமன்று. தொட்டி வாங்குவதற்கும் முன்பாக, கேஹெச், மொத்தக் கடினத்தன்மையைக் குறிக்கும் ஜிஹெச் ஆகிய இரண்டையும் அளக்கும் சொட்டு மருந்துகளை வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அவை பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும். சென்னையில் இருப்பவர்கள் கோடையிலும் மழைக்காலத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஏரி நீர், 2010 முதல் மீஞ்சூரிலிருந்தும் 2013 முதல் நெம்மேலியிலிருந்தும் வரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நீர், லாரித் தண்ணீர், சொந்த ஆழ்குழாய் என்று ஒரே குழாயில் வெவ்வேறு தண்ணீர் வருகிற நகரம் இது. கேஹெச் 16 என்றால், ஒரு பங்கு குழாய்த் தண்ணீரோடு மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீரைக் கலந்தால் 4 ஆகும். மண் நீண்ட காலம் உழைக்கும்.

வாரந்தோறும் அவ்வளவு ஆர்ஓ தண்ணீர் சேர்க்க வழியில்லாதவர்கள் மண்ணையே வாங்க வேண்டாம். கழுவிய ஆற்று மணலும், வேரடியில் புதைக்கும் உர வில்லைகளும், வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, அனுபியாஸ், நம் வரப்போரங்களில் தானே முளைக்கும் நீர்ப்பிரமி ஆகிய செடிகளும், கப்பி, மோலி மீன்களும் கடினத் தண்ணீரில் செழிப்பாக வாழும். அப்படி அமைந்த தொட்டியை இரண்டாந்தரமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அழகில் அது எந்தத் தொட்டிக்கும் குறைந்ததன்று.

கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் வலுவான விளக்கு

செடி எவ்வளவு வேகமாக உண்ண வேண்டும் என்பதை ஒளிதான் முடிவு செய்கிறது. கார்பனும் உரமும் கொடுக்காமல் ஒளியை மட்டும் கூட்டுவது, உலையில் அரிசி போடாமல் அடுப்பெரிப்பதைப் போன்றது. பயன்பெறுவது பாசி மட்டுமே. கார்பன் டை ஆக்சைடு உருளை வாங்கும் எண்ணம் இல்லையென்றால், எளிய விளக்கே போதும். வலுவான விளக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், ஒளியைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாமல் டைமரில் பொருத்திவிட வேண்டும். உருளை வைப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவைத் தாண்டக் கூடாது. விளக்கு எரியத் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, விளக்கு அணையும்போது அதையும் நிறுத்த வேண்டும். இரவில் செடிகளும் மூச்சுவிடுகின்றன என்பதால், அப்போது குமிழியிடும் கார்பன் டை ஆக்சைடு மீனைக் கொல்லக்கூடும்.

நீர்ச்செடி என்று விற்கப்படும் வீட்டுச்செடிகள்

லக்கி பேம்பூ, சிங்கோனியம், அக்லோனிமா, மோண்டோ புல், ஊதா இலை ஹெமிகிராஃபிஸ் ஆகியவை மீன் கடைகளில் தண்ணீருக்குள் வைத்தே விற்கப்படுகின்றன. இவற்றுள் ஒன்றும் முழுக்க மூழ்கி வாழும் செடி அன்று. சில வாரங்கள், சில வேளை இரண்டு மூன்று மாதங்கள் பச்சையாக இருந்து ஏமாற்றிவிட்டு, மெல்ல அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பெயர் தெரியாத செடியை வாங்காதீர்கள். கடைக்காரருக்கும் பெயர் தெரியவில்லை என்றால் கட்டாயம் வாங்காதீர்கள்.

கிடைத்தண்டைப் புதைப்பது

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றின் தடித்த கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

கிரிப்டோகோரின் கரைந்ததும் பிடுங்கி எறிவது

இலங்கையின் ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகோரின் வென்டியை இடம் மாற்றி நட்டால், தண்ணீர், வெப்பம், ஒளி ஆகிய எல்லாம் ஒருசேர மாறுவதால் இலைகளைக் கரைத்துவிடுகிறது. பண்ணையில் தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்பட்ட செடி என்றால் இது இன்னும் கடுமையாக நடக்கும். மண்ணுக்கு மேலே ஒன்றுமே இல்லாத நிலையைப் பார்த்துச் செடி செத்தது என்று பலர் வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள். அழுகிய இலைகளை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் ஒரு மாதம் பொறுத்திருந்தால், புதிய சூழலுக்கேற்ற இலைகளை அதுவே விடும். இடத்தை மட்டும் மறுபடி மாற்றாதீர்கள்.

முதல் நாளில் நான்கே செடிகள்

செடிகள் காலியாக விட்ட இடத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். ஹைக்ரோஃபிலா, லிம்னோஃபிலா, ஹைட்ரில்லா போன்ற விலை குறைந்த, விரைந்து வளரும் செடிகளால் முதல் நாளே தரையில் பாதிக்கு மேல் நிரப்புங்கள். புதிய தொட்டியின் அம்மோனியாவை இவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். விரும்பிய அரிய செடிகளை, தொட்டி நிலைபெற்ற பிறகு இவற்றை எடுத்துவிட்டு நட்டுக்கொள்ளலாம்.

சக்கர் மீன்

பாசியைத் தின்னும் என்று விரலளவில் விற்கப்படும் இது ஓரடிக்கு மேல் வளர்ந்து செடிகளை வேரோடு பெயர்க்கும். வாங்காதீர்கள், வாங்கிவிட்டால் ஏரியில் விடாதீர்கள், தமிழக நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது.

மக்காத உரம்

தோட்டத்துச் செம்மண்ணோடு மண்புழு உரம் கலந்து, மேலே மணல் பரப்பிச் செய்யும் தொட்டி மலிவானது, நன்றாகவும் அமையும். ஆனால் உரம் முழுவதும் மக்கியிருக்க வேண்டும். சாண நெடி இருந்தால் அது இன்னும் பதமாகவில்லை. தொட்டிக்குள் மாதக்கணக்கில் அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கும். மண் அடுக்கு ஓர் அங்குலத்தைத் தாண்டவும் கூடாது.

கோடையைக் கணக்கில் சேர்க்காதது

டிசம்பரில் தொட்டி வைத்து மார்ச் வரை மகிழ்ந்தவர்கள், மே மாதத்தில் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் தண்ணீர், 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். வெப்பம் கூடும்போது மீனும் பாக்டீரியாவும் செடியும் இன்னும் அதிகமாக மூச்சுவிடுகின்றன. இருக்கும் ஆக்சிஜனோ குறைகிறது. நம் ஊர்த் தொட்டிக்கு ஹீட்டர் தேவையில்லை, விசிறிதான் தேவை. மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர்ப் பரப்பின்மேல் ஒரு சிறிய விசிறியைச் சாய்த்து ஓடவிட்டால், காற்றில் ஈரம் குறைந்த நாளில் இரண்டு மூன்று பாகை இறங்கும். கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. இரவில் காற்றுக் குமிழியும் ஓட வேண்டும். மின்வெட்டுக்காக வடிகட்டியை இன்வர்ட்டர் இணைப்பில் போட்டுவைக்க வேண்டும்.

விசிறி ஓடும் தொட்டியில் தண்ணீர் விரைவாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதிலிருந்த சுண்ணாம்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த அளவை ஆழ்குழாய்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால், கோடை முடிவதற்குள் கேஹெச் நாம் கலந்து வைத்த அளவைத் தாண்டி எங்கோ போய்விடும் என்பதால், ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும்.