ஓட்டிசமோ என்று சந்தேகம் வந்தால், கணினி விளையாட்டின்போது பிள்ளையைக் கவனிப்பது எப்படி: ரீச்சர்மாருக்கும் பெற்றோருக்கும்

"ரீச்சர், போனைக் குடுத்தா எல்லாத்தையும் தானே திறக்கிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் திரும்பிப் பாக்கிறானில்லை."

விசுவமடு, தருமபுரம் பக்கத்து அம்மாமார் என்னிடம் வந்தால் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கூட வந்த அப்பம்மா, "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்" என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் போய்விடும். அந்த வருடம் பிள்ளைக்கு மிகப் பெறுமதியானது. பிள்ளை விரும்புகிற அதே திரையை வைத்து, அது மற்றவர்களோடு எப்படிச் சேர்கிறது என்று பார்த்து எழுதத் தொடங்குங்கள்.

ஓட்டிசம், அதாவது மற்றவர்களோடு சேர்வதிலும் கதைப்பதிலும் பிள்ளை வேறுபட்டு வளரும் நிலை, இருக்கிறதா என்று முடிவு சொல்வது வைத்தியரின் வேலை. நாங்கள் செய்வது அவருக்குக் கொண்டுபோகக் குறிப்பு எடுப்பது மட்டுமே. அதற்கும் முன் காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். காது கேட்பதில் குறை இருந்தால் நாங்கள் எழுதுவதெல்லாம் பிழைத்துவிடும்.

டெல்லியில் 2 முதல் 7 வயதுவரையான 131 பிள்ளைகளிடம், வைத்தியர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஓட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடி டேப்லட்டில் விளையாட்டுகளும் படங்களும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்விலும் குமிழி உடைக்கும் விளையாட்டு இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பிள்ளை தலையைத் திருப்புகிறதா என்பதை டேப்லட்டின் கமராவே கவனித்தது. அந்தச் செயலிகள் எங்கள் கையில் இல்லை. ஆனால் அவர்கள் எதைக் கவனித்தார்கள் என்பது எங்களுக்கும் உதவும்.

ஆயத்தம்

ஒரு மடிக்கணினி, ஒரு சுட்டி (மவுஸ்), ஒரு கொப்பி போதும். சிறுவர் விளையாட்டுகள் உள்ள ஜிகொம்ப்ரிஸ் (GCompris) என்ற இலவச மென்பொருளை ஒருமுறை தரவிறக்கினால் பிறகு இணையம் தேவையில்லை. கரண்ட் போனாலும் நிற்காதபடி முழுக்க சார்ஜ் போட்டு வையுங்கள். சத்தத்தைக் குறையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் வேண்டாம், காலையில் செய்யுங்கள். கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியிருக்கிற நாளையும் விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு நாளும் எதையும் எழுதவேண்டாம். பிள்ளை சுட்டியோடு பழகட்டும். சுட்டியையே பிடித்தறியாத ஒரு பொடியனைப் பார்த்து, "முறை வரும்வரை பொறுக்கத் தெரியாது" என்று நான் ஒருகாலம் எழுதிவிட்டேன். அடுத்த கிழமை தொடுதிரை கொடுத்தபோது அழகாகப் பொறுத்திருந்தான். அவனுக்கு இருந்தது விரலில் கஷ்டம். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

முதல் விளையாட்டு: படம் துடைத்தல்

ஜிகொம்ப்ரிஸில் உள்ள இந்த விளையாட்டில், சுட்டியை அசைத்துக் கட்டங்களைத் துடைத்தால் கீழே ஒரு படம் தெரியும். பிள்ளைக்குப் பின்னால் இருக்காதீர்கள். மேசையின் மூலையில், திரையும் உங்கள் முகமும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் எட்டும்படி இருங்கள். போனைப் பிள்ளையின் முகம் பார்த்து வைத்து வீடியோ எடுங்கள்.

படம் தெரிந்ததும் வாயைத் திறக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். இதுதான் கஷ்டமான வேலை. "ஆ, குரங்கு!" என்று நாங்கள் முந்திவிட்டால் பிள்ளை என்ன செய்திருக்கும் என்று தெரியாமலே போய்விடும். படத்தைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்க்கிறதா? விரல் நீட்டிக் காட்டுகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடுங்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதை ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மூன்று தரம் செய்யுங்கள். விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது எந்தப் பிள்ளையும் திரும்பாமல் இருக்கலாம்.

பிறகு சுட்டியின் வயரை மெதுவாகக் கழற்றிவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். கூர்ந்து பார்க்கவேண்டிய இடம் இது. சில பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்காமலே கையைப் பிடித்துச் சுட்டியின் மேல் வைப்பார்கள். கை மட்டும் ஒரு கருவிபோல. சிலர் கையையும் இழுத்து முகத்தையும் பார்ப்பார்கள். சிலர் சொல்லிக் கேட்பார்கள். சிலர் எழும்பிப் போய்விடுவார்கள். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு செய்தி. நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். "உதவி கேட்டது" என்று மட்டும் எழுதினால் வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது. பத்து விநாடி முடிந்ததும் வயரைப் பூட்டிவிடுங்கள், பிள்ளையை அழவிடவேண்டாம்.

யூடியூப்பில் கேட்ட ஆங்கில வசனங்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் இங்கே நிறைய. அதை வெறும் சத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். எந்த நேரத்தில், யாரைப் பார்த்துச் சொன்னது என்று குறியுங்கள். வயர் கழன்றதும் உங்களைப் பார்த்து "ஓ நோ" என்றால், அது உங்களோடு கதைத்த கதைதான்.

இரண்டாவது விளையாட்டு: மாறி மாறி

ஐந்து வயதுக்கு மேல் என்றால் ஜிகொம்ப்ரிஸிலேயே உள்ள, நான்கு வில்லைகளை வரிசையாக்கும் விளையாட்டை ஒரு கூட்டாளியோடு விடலாம். வெற்றி தோல்வி முக்கியமில்லை, மாறி மாறிப் போட்டால் போதும். முதலில் எதுவும் சொல்லாமல் ஐந்து முறை. பிறகு "இப்ப இவன்ர முறை" என்று சொல்லி ஐந்து முறை. கடைசியில், முறை யாருக்கோ அவர் கையில் ஒரு புளியங்கொட்டை இருக்கும்படி ஐந்து முறை. வாய்ச்சொல்லுக்குப் பொறுக்காத பிள்ளை கொட்டைக்குப் பொறுத்தால், அதை வகுப்பில் மறுநாளே பயன்படுத்தலாம். எது உதவியது என்பதைப் பெரிதாக எழுதுங்கள்.

அதே கிழமையில் முற்றத்தில் பந்தை உருட்டி மாறி மாறி விளையாடியும் பாருங்கள். திரையில் பொறுக்கிற பிள்ளை பந்தில் பொறுக்காமல் இருக்கலாம், மறுபக்கமாகவும் இருக்கலாம்.

கொப்பியை என்ன செய்வது

மூன்று நாள் எழுதியபின், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு சேர்த்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரியின் குழந்தை வைத்திய நிபுணரிடமும் போக வழி செய்வார். ரீச்சர் என்றால் பெற்றோரின் சம்மதமில்லாமல் வீடியோ எடுக்கவே கூடாது. யார் எடுத்தாலும் அது பேஸ்புக்கில் வரக்கூடாது.

வைத்தியரிடம் கொண்டுபோக இரண்டு நிமிட வீடியோ போதும். பிள்ளை அழுத இடத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். உங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த இடம் ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.