அமெரிக்க ஊடகங்களில் படித்துக்கொண்டே வேலை: சிறுபான்மை மாணவர்களுக்கு

கருப்பின, லத்தீன், ஆசிய, பூர்வகுடி மாணவர்களை ஊடகத்துறைக்குள் கொண்டுவர 1989-இல் தொடங்கப்பட்டது எம்மா போவன் அறக்கட்டளை. கல்லூரி மாணவர்களுக்கு ஊடக நிறுவனங்களில் சம்பளத்துடன் கோடைக்காலப் பயிற்சி வாங்கித் தருகிறது. வெறுங்கையோடு அங்கே போகாதீர்கள். முதல் அனுபவத்தைக் கல்லூரி வளாகத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கு வழி, 'ஃபெடரல் வொர்க் ஸ்டடி': படிக்கும்போதே பகுதிநேர வேலை செய்து சம்பாதிக்க அமெரிக்க அரசு நிதி தரும் திட்டம். அரசின் கல்வி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் 'ஃபாஃப்சா' படிவம் ஆண்டுதோறும் வெளியானவுடன் நிரப்புங்கள். கல்லூரிக்கு வரும் பணம் அளவானது, தாமதித்தால் தீர்ந்துவிடும். பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில். கல்லூரி அனுப்பும் உதவித்தொகைக் கடிதத்தில் இத்திட்டத்துக்கான தொகை இருந்தாலே வேலை கிடைத்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். வேலையை நாமேதான் தேட வேண்டும். உழைத்த மணிநேரத்துக்குத்தான் சம்பளம். கல்லூரி வானொலி, மாணவர் பத்திரிகை, காணொளிப் பிரிவு ஆகியவற்றில் முதல் வாரமே கேளுங்கள், இல்லையென்றால் நூலக மேசை வேலைதான் மிஞ்சும். எஃப்-1 எனும் வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது.

சுயவிவரம் ஒரே பக்கம். 'கல்லூரி வானொலியில் உதவினேன்' என்ற வரி யார் கண்ணிலும் நிற்காது. 'வாரம் 2 செய்தியறிக்கை எழுதி, வாசித்து, ஒலித்தொகுப்பும் செய்தேன்' என்று எழுதுங்கள். மாதிரிப் படைப்புகள் மூன்று போதும், சிறந்தது முதலில். கூட்டாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று ஒரு வரி சேருங்கள். இணைப்புகளை வேறொருவர் கைபேசியில் திறந்து பாருங்கள்: 'அனுமதி தேவை' என்று வந்தால் தேர்வாளர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

கோடைப் பயிற்சிக்கான அறிவிப்புகள் முந்தைய இலையுதிர் காலத்திலேயே வரத் தொடங்கும். பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆசிரியருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள்.