ஒத்தைக் குழல் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா சிக்கினால்: என் அனுபவம்

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்கு லைசென்ஸ் எடுத்த 12 போர் (குழல் துளையின் அளவு) ஒத்தைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. சுட்டபின் குழலை மடக்கினால் வெற்றுத் தோட்டா வெளியே வராது. குச்சி விட்டுத் தள்ளினால்தான் வரும்.

முதலில் தோட்டா மேல் சந்தேகம். கம்பெனி மாற்றியும் அதே கதை. குழலை மடக்கும்போது தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரைத் துடைத்து எண்ணெய் விட்டும் பயனில்லை.

துப்பு கிடைத்தது வெற்றுத் தோட்டாவில்தான். பித்தளை அடியில் ஒரு பக்கம் மட்டும் பொடிப்பொடியாகக் கீறல். குழலைக் கழற்றி டார்ச் அடித்தால், தோட்டா உட்காரும் இடத்தில் ஒரே பக்கம் துருப்புள்ளிகள். ஸ்பாஞ்சு வைத்த உறைக்குள் படுக்கும்போது கீழே வரும் பக்கம் அது. சேர்வராயன் மலைப் பனியில் நனைந்த ஈரம் அங்கேதான் தங்கியிருக்கிறது.

மண்ணெண்ணெய் தொட்ட வெண்கல பிரஷ்ஷால் சுழற்றித் தேய்த்து, துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் பூசினேன். இப்போது விரலாலேயே உருவிவிடலாம். அப்பாடா!

இனி உறை எடுத்துப்போக மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, உறையில்லாமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன். சரிவில் நடக்கும்போது தோட்டா இல்லாமல், குழல் மடங்கியே இருக்கும். காற்றும் படும், ஆபத்தும் இல்லை. அப்புறம், சுடுவதற்கு முன் அந்த எண்ணெயை மறக்காமல் துடைத்துவிடுங்கள்.