பிரிட்டன் மழைக்குக் கோட் வாங்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் ஒரு வருடத்தில் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் சுமார் 1,400. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் மழையையே பார்த்தாச்சு, இதெல்லாம் ஒரு மழையா" என்று வந்து இறங்கும் பெண்கள் முதல் நவம்பரிலேயே தவித்துப் போகிறார்கள். சென்னை மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். நனைந்தாலும் வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டிக்கொண்டால் சரி. இங்கே அக்டோபர் தொடங்கி மார்ச் வரை தூறல் விட்டு விட்டு வரும். காற்று அதைச் சாய்த்து முகத்திலும் தொடையிலும் அடிக்கும். பல நாட்களில் குடையை விரிக்கவே முடியாது. வெளியே 6 டிகிரி, தோள்பட்டை ஈரம், பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் என்றால் உடம்பு என்ன பாடுபடும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கிளாஸ்கோ பக்கம் குடியேறியவர்களுக்கு மழை லண்டனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆகவே இங்கே கோட் என்பது ஆசைக்கு வாங்கும் உடை இல்லை, தினமும் போட்டுக்கொண்டு வெளியே போக வேண்டிய பொருள். அதற்காக அழகை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. நனையாத கோட்டும் அழகான கோட்டும் ஒன்றாகவே கிடைக்கின்றன. கோட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததால்தான் பணம் வீணாகிறது.

முத்துமுத்தாக உருளும் தண்ணீரை நம்புவது

கடையில் கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காட்டுவார்கள். சேம்பு இலையில் விழுந்ததுபோல் உருண்டு ஓடும். உடனே நம்பிவிடுகிறோம். அந்தச் சோதனை காட்டுவது மேல் துணியில் பூசியிருக்கும் நீர்விலக்கிப் பூச்சை மட்டும்தான். எந்தச் சாதாரணத் துணியிலும் அதைப் பூசிவிடலாம். அரை மணி நேரம் மழையில் நின்றாலோ, கைப்பையின் வார் தோளில் அழுத்தினாலோ தண்ணீர் அந்தத் துணியைத் தாண்டி உள்ளே போய்விடும்.

உண்மையில் தண்ணீரைத் தடுப்பது மேல் துணிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு, அல்லது உட்புறம் பூசிய பாலியூரித்தேன் படலம். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளை வேகமாக இழுத்து நுண்துளைகள் நிறைந்த சவ்வாக மாற்றினார். கோர்டெக்ஸ் என்ற சவ்வு பிறந்தது அப்படித்தான். அந்தத் துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, வியர்வையின் ஆவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை. இப்போது பல நிறுவனங்கள் பல வகைச் சவ்வுகளைப் பயன்படுத்துகின்றன. கடையிலேயே தோராயமாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. லைனிங் இல்லாத இடத்தில் துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாக மறுபக்கம் போனால் அதில் சவ்வு இல்லை.

லேபிளில் ஷவர்ப்ரூஃப், வாட்டர் ரிப்பெலன்ட், வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். மூன்றுமே "கொஞ்ச நேரம் தாங்கும்" என்ற அளவுக்குத்தான். கார் நிறுத்துமிடத்திலிருந்து அலுவலக வாசல்வரை நடப்பவருக்கு அது போதும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு நடப்பவருக்குப் போதாது. வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தாலும் கூடவே ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். துணியின் மேல் நீர்த்தூண் ஒன்றை நிறுத்தி, எத்தனை மில்லிமீட்டர் உயரம்வரை கசியாமல் தாங்குகிறது என்று அளந்த எண் அது. 1,500 என்பது பேருக்குத்தான். 5,000 நகரத் தூறலுக்குத் தாங்கும். காற்றோடு அடிக்கும் மழைக்கும், தோளில் கனமான பை மாட்டுகிறவர்களுக்கும் 10,000 இருந்தால் நிம்மதி. 20,000 எல்லாம் மலை ஏறுபவர்களுக்கு. பஸ் நிறுத்தத்தில் நிற்பதற்கு அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

தையலைப் பார்க்காமல் வாங்குவது

நான் பார்த்தவரை நனைகிற கோட்டுகளில் பெரும்பாலானவை துணியால் நனைவதில்லை, தையலால் நனைகின்றன. இது புதிய பிரச்சினையும் இல்லை. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மாகின்டாஷ் 1823இல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலை வைத்து ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். துணி அருமையாகத் தண்ணீரைத் தடுத்தது. தையல்காரர்கள் அதை வெட்டித் தைத்ததும் ஊசி போட்ட ஓட்டைகள் வழியே தண்ணீர் உள்ளே வந்தது. இருநூறு வருடம் கழித்தும் கதை அதேதான்.

தீர்வு எளிது. தையலுக்கு மேல் உட்புறமாக ஒரு டேப்பைச் சூடாக்கி ஒட்டிவிடுவார்கள். கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தையல் ஓடும் இடமெல்லாம் ஒரு விரல் அகலத்தில் பளபளப்பான பட்டை தெரியும். எல்லாத் தையலிலும் அது இருந்தால் லேபிளில் ஃபுல்லி டேப்ட் என்றிருக்கும். கிரிட்டிக்கலி டேப்ட் என்றிருந்தால் தோள், கழுத்து, தொப்பி போன்ற சில இடங்களில் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் பக்கவாட்டிலும் கையிலும் தண்ணீர் இறங்க வாய்ப்பு உண்டு. நாகரிகமான நகரக் கோட்டுகளில் முழு லைனிங் போட்டு மூடியிருப்பார்கள், டேப் கண்ணுக்குத் தெரியாது. அப்போது பொருள் விவரத்தைப் படிக்க வேண்டும், அல்லது விற்பவரிடம் நேராகக் கேட்க வேண்டும். "தையல் முழுக்க டேப் போட்டதா?" என்ற ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் அந்தக் கோட்டை அங்கேயே மாட்டிவிட்டு வருவதுதான் நல்லது.

முன்பக்க ஜிப்பும் ஒரு நீளமான ஓட்டைதான். அதை மூடும் மடிப்பு வேண்டும், அல்லது நீர் புகாத ஜிப் இருக்க வேண்டும். பட்டன் மட்டும் வைத்த கோட்டில் இரண்டு பட்டன்களுக்கு நடுவே காற்றும் மழையும் சேர்ந்தே நுழையும்.

ட்ரெஞ்ச் கோட், கம்பளிக் கோட், பஃபர்

ட்ரெஞ்ச் கோட் யாருக்கும் அழகாக இருக்கும். இடுப்பில் பெல்ட் கட்டினால் உடனே ஒரு வடிவம் வந்துவிடும். தாமஸ் பர்பரி 1879இல் கண்டுபிடித்த கேபர்டின் என்ற நெருக்கமான நெசவுத் துணியில் வளர்ந்த வகை அது. முதல் உலகப் போரில் அதிகாரிகள் போட்டுக்கொண்டார்கள் என்பதால், போர் மழையையே தாங்கியது நம் மழையைத் தாங்காதா என்று தோன்றும். ஆனால் அது நெசவின் நெருக்கத்தால் தூறலைத் தள்ளிவிடும் துணியே தவிர, சவ்வு உள்ளதல்ல. இன்று கடைத்தெருவில் கிடைக்கும் பெரும்பாலான ட்ரெஞ்ச் கோட்டுகள் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தவை, டேப் இல்லாதவை. செப்டம்பர் மாத வெயிலுக்குப் போட்டு மகிழலாம். அதே வெட்டில் சவ்வும் டேப்பும் சேர்த்துத் தைத்த மழைக்கோட்டுகளும் வருகின்றன. தேடினால் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடும்.

கம்பளிக் கோட் லேசான தூறலைத் தாங்கும், கதகதப்பும் தரும். ஆனால் நல்ல மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், மறுநாள்வரை காயாது. மெழுகு பூசிய பருத்தி ஜாக்கெட்டுகள் இந்த ஊரின் கிராமப்புற அடையாளம். சவுத் ஷீல்ட்ஸில் 1894இல் தொடங்கிய பார்பர் நிறுவனம் இதற்குப் பேர்போனது. பராமரிக்கத் தயார் என்றால் வாங்குங்கள். அவ்வப்போது மெழுகு தேய்க்க வேண்டும், வாஷிங் மெஷினில் போட்டால் மெழுகு போய்விடும். ரப்பர் போன்ற மேட் பூச்சோடு வரும் ஸ்காண்டிநேவியப் பாணி நீளக் கோட்டுகள் ஒரு சொட்டுக்கூட விடாது. ஆனால் வேகமாக நடந்தால் உள்ளே வியர்த்து நனையும், குளிருக்கும் உதவாது.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் வாங்கல் என்றால் அது வாத்து இறகு அடைத்த பஃபர் கோட்தான். குளிர் என்றதும் எல்லோரும் முதலில் ஓடுவது அதற்குத்தான். வறண்ட குளிரில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இறகு நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று உள்ளே நிற்காது. மேலே தெரியும் வரிவரியான தையல் ஒவ்வொன்றும் ஊசி போட்ட ஓட்டைகள் வேறு. பிரிட்டனின் குளிர்காலம் பெரும்பாலும் ஈரமானது. பூஜ்யத்துக்குக் கீழே போய் வறண்டு நிற்கும் நாட்கள் குறைவு.

அதனால் ஒரே ஒரு கோட்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இது: அடைப்பு எதுவும் இல்லாத, முழங்காலை ஒட்டி வரும், முழுக்க டேப் போட்ட கோட் ஒன்றை வாங்குங்கள். உள்ளே தடிமனான ஸ்வெட்டரோ மெல்லிய இறகு ஜாக்கெட்டோ போடும் அளவுக்கு இடம் இருக்கட்டும். அக்டோபரில் ஒரு கார்டிகன் மேல், ஜனவரியில் அந்த ஜாக்கெட் மேல் என்று ஆறு மாதமும் அதே கோட் ஓடும். ஈரம் வெளியே நிற்கும், சூடு உள்ளே நிற்கும்.

டி-ஷர்ட் மேல் போட்டுப் பார்த்து அளவு எடுப்பது

கடைக்குப் போகும்போது குளிர்காலத்தில் உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போங்கள். கோட்டை மாட்டி இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். மணிக்கட்டு வெளியே வந்தால் அந்த இடத்தில்தான் மழை இறங்கும். உட்கார்ந்து பாருங்கள். நீளக் கோட்டுக்குக் கீழிருந்தும் திறக்கும் ஜிப் இல்லையென்றால் பஸ் படி ஏறும்போது கால் தடுக்கும். குர்தா போடுகிறவர்கள் குர்தாவின் நீளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இடுப்புவரை வரும் ஜாக்கெட்டுக்குக் கீழே தொங்கும் குர்தா நனைந்து காலில் ஒட்டிக்கொண்டால் கோட் போட்டும் பயனில்லை. கோவிலுக்கும் விசேஷத்துக்கும் புடவையில் போகிறவர்களுக்கு இடுப்பை இறுக்காத, முழங்காலுக்குக் கீழே இறங்கும் நேர்வெட்டுதான் வசதி. கொசுவமும் கசங்காது.

தொப்பிக்குத் தனியாகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். கொண்டையோ தடித்த பின்னலோ உள்ளே அடங்குகிறதா, தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடத் திரும்புகிறதா, பின்னால் இறுக்கும் கயிறு இருக்கிறதா, நெற்றிக்கு மேல் கொஞ்சம் விறைப்பான விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்த விளிம்பு மிக அவசியம். கழற்றி மாட்டும் தொப்பியில் ஜிப் ஓடும் இடம் கழுத்துக்குப் பின்னால் கசியும். செயற்கை ரோமம் வைத்த ஓரம் அழகுதான், ஆனால் மழையில் நனைந்து கன்னத்தில் ஒட்டும்.

நிறத்தில் கறுப்பும் கருநீலமும் எதோடும் சேரும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சாலையைக் கடக்கும்போது ஓட்டுநர் கண்ணில் படும் மஞ்சளோ சிவப்போ நம் நிறத்துக்கும் எடுப்பாக இருக்கும்.

துவைக்கப் பயப்படுவது

விலை உயர்ந்த கோட்டைத் துவைத்தால் கெட்டுவிடும் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அழுக்கும் உடம்பின் எண்ணெயும் மேல்பூச்சை வேலை செய்ய விடாது. அப்போது மேல் துணி தண்ணீரை உறிஞ்சிக் கனத்து ஜில்லென்று ஒட்டும், ஆவியும் வெளியேறாது. உள்ளே ஈரம் படரும், கோட் ஒழுகுகிறது என்று தோன்றும். சவ்வு நன்றாகவே இருக்கும்.

லேபிள் அனுமதித்தால் நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்ற இதற்கென்றே உள்ள திரவத்தில் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தைத் தொடவே கூடாது. காய்ந்த பிறகு டிரையரில் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் சுற்றவிட்டால் பல நேரம் பூச்சுக்கு உயிர் வரும். வராவிட்டால் தெளிக்கும் பூச்சு வாங்கிப் போடலாம். இந்தப் பூச்சுகளில் சேர்த்துவந்த, உடம்பிலும் மண்ணிலும் தங்கிவிடும் பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்களைப் பல நிறுவனங்கள் கைவிட்டு வருகின்றன. அவை இல்லாத புதிய பூச்சுகள் எண்ணெய் அழுக்கைக் குறைவாகவே தாங்கும் என்பதால் இப்போது துவைப்பது முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

வாங்கிய பிறகு

ஆன்லைனில் வாங்கினால், சில விதிவிலக்குகள் தவிர, பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். வீட்டுக்குள் போட்டுப் பார்க்கும்வரை டேக்கைக் கழற்றாதீர்கள். வாட்டர்ப்ரூஃப் என்று விற்ற கோட் முதல் 30 நாட்களுக்குள் ஒழுகினால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். விவரணைக்குப் பொருந்தாத பொருள் என்று சொன்னால் போதும். எங்கே நனைந்தது என்று படம் எடுத்து வையுங்கள். அதனால்தான் கோட்டை வாங்கி அலமாரியில் வைத்து மழைக்காகக் காத்திருக்காமல், அந்த மாதத்துக்குள்ளேயே போட்டு நடந்துவிட வேண்டும்.

புதிதாக வாங்க வசதி இல்லாதவர்களுக்கு, தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் சாரிட்டி கடைகளில் நல்ல கோட்டுகள் கிடைக்கும். உள்பக்கம் திருப்பி டேப்பை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். டேப் உரிந்து வந்தாலோ, உட்பூச்சு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ பூச்சின் ஆயுள் முடிந்துவிட்டது, எந்தத் திரவமும் அதை மீட்காது. டேப் கெட்டியாக ஒட்டியிருந்து மேல் துணி மட்டும் தண்ணீர் உறிஞ்சினால் தயங்காமல் வாங்கலாம். ஒரு துவையலிலும் ஒரு புட்டிப் பூச்சிலும் அது சரியாகிவிடும்.