சைக்கிளில் சாமான் கட்டும்போது நாம் விடும் பிழைகள்

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய், கொட்டிலில் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவர்களில் நானும் ஒருவன். வரிசை போய்விட்டது, சைக்கிளை நான் விடவில்லை. ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்புச் சந்தைக்குப் போய்வர வழியில் மேடு என்று சொல்ல ஒன்றுதான் உண்டு, கல்லடிப் பாலம். சாமான் கட்டியதில் என்ன பிழை இருந்தாலும் அந்தப் பாலம் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குக் காட்டியது ஹான்டில் பையை. வலப்பக்கம் நாலு தேங்காய், இடப்பக்கம் ஒரு பிடி கீரை. தட்டை ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. பாலத்தில் ஏற எழுந்து நின்று மிதித்தபோது தேங்காய்ப் பை ஊஞ்சல் போல ஆடத் தொடங்கியது. பை ஒரு பக்கம் போனால் ஹான்டிலும் அந்தப் பக்கம் போகிறது. நான் மறுபக்கம் இழுக்க, பை இன்னும் வேகமாகத் திரும்பி வருகிறது. மூன்றாவது ஆட்டத்தில் பையின் அடி முன்சில்லுக் கம்பிக்குள் போய்விட்டது. மெதுவாகப் போனதால் முழங்கால் தோலோடு தப்பினேன். இறக்கத்தில் நடந்திருந்தால் முன்சில்லு இறுகி, தலைகுப்புற விழுந்திருப்பேன். ஹான்டிலில் தொங்குவது எதுவும் நமக்குப் போட்டியாகச் சைக்கிளைத் திருப்பும். பாணும் கறிவேப்பிலையும் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் கரியருக்குப் போகட்டும், அல்லது ஹான்டிலில் அசையாமல் பூட்டிய கூடைக்குள் போகட்டும்.

கரியரிலும் எங்கே வைக்கிறோம் என்பதுதான் கதை. 20 கிலோ அரிசி மூட்டையைக் கரியரின் வால்பக்கம் தள்ளிக் கட்டினால், பாரம் பின்சில்லின் அச்சுக்கும் பின்னால் போய்விடும். ஏற்றத்தில் முன்சில்லு இலேசாகி, ஹான்டில் சொல்வழி கேட்காது. மூட்டையை ஆசனத்தோடு ஒட்டி, குறுக்காகப் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்த மூட்டை, பாலத்துக் காற்றில் ஒருமுறை சாய்ந்தால் நம்மையும் கூட்டிக்கொண்டுதான் சாயும். இரண்டு உரப்பைகளை வாயோடு வாய் தைத்து, கரியரின் இருபக்கமும் தொங்கவிடுவது இன்னும் நல்லது. பாரம் கீழே இறங்குவதால் ஆட்டம் குறையும். இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே பாரம் இருக்க வேண்டும். மிதிக்கும்போது குதிகால் பையில் முட்டினால் கொஞ்சம் பின்னே நகர்த்துங்கள். பையின் உள்பக்கம் கம்பிக்குள் போகாமலிருக்க ஒரு பலகைத் துண்டோ கெட்டி மட்டையோ வையுங்கள்.

கட்டுவதற்குப் பழைய மோட்டார் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டியெடுத்த பட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. நைலோன் கயிறு, மூட்டை அமர்ந்ததும் தளர்ந்துவிடும். ரப்பர் கூடவே சுருங்கிப் பிடிக்கும். கொக்கி வைத்த பட்டிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவினால் நேரே முகத்துக்குத்தான் வரும். எதால் கட்டினாலும் மிஞ்சிய நுனியைச் செருகாமல் விடுவது பெரிய பிழை. பிறீவீலில் சுற்றிக்கொண்ட கயிற்றை வெட்டியெடுக்க, காத்தான்குடி வெயிலில் நான் பட்ட பாடு போதும். புறப்பட்டு ஐந்நூறு மீற்றரில் ஒருதரம் நின்று கட்டை இழுத்துப் பாருங்கள்.

சில சாமான்களுக்குத் தனிக் குணம் உண்டு. 20 லீற்றர் கானில் பாதித் தண்ணீர் அலைந்து அலைந்து சைக்கிளை ஆட்டும். முழுக் கான் பாரம் கூடினாலும் அடங்கியிருக்கும். தயிர்ச்சட்டியை வெறும் கரியரில் வைத்தால் முதல் பள்ளத்திலேயே விரிசல் விடும். பழைய சாரத்தைச் சுருட்டி வளையமாக வைத்து, அதன்மேல் பெட்டிக்குள் சட்டியை இருத்துங்கள். காஸ் சிலிண்டருக்கு ஓட்டோ பிடியுங்கள். 12.5 கிலோ என்பது காஸ் மட்டும்தான், இரும்பின் பாரம் வேறு. போதாததற்குக் கரியரில் அதைப் படுக்கவைத்துத்தான் கட்ட முடியும், அது படுக்கக் கூடாத சாமான்.

பாரம் ஏற்றுமுன் டயரை அமுக்கிப் பாருங்கள். காற்றுக் குறைந்த பின்சில்லில் பாரம் ஏறினால், பள்ளத்தில் றிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல இரட்டை ஓட்டை விழும். எனக்கு ஒரே மாதத்தில் மூன்று தரம் விழுந்தது. ஒட்டித் தந்தவர் கடைசியில், “மனே, காத்தடிக்காம அரிசி ஏத்தினா டியூப் என்ன செய்யும்?” என்று கேட்டார். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். பின்சில்லுக் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நெருக்கிப் பாருங்கள். தொளதொளவென்று இருப்பவை இறுக்க வேண்டியவை. மாரியில் றிம் நனைந்தால் பிறேக் பிடிக்க நேரமெடுக்கும், பாரம் இருந்தால் இன்னும் தூரம் ஓடும். பாலத்து இறக்கத்தில் உச்சியிலிருந்தே இலேசாகப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

எல்லாம் ஒழுங்காகக் கட்டி, வீட்டு வாசலில் வந்து விழுந்தவர்களும் உண்டு. வழக்கம்போலக் காலைப் பின்னால் வீசி இறங்கப் போனால், கால் மூட்டையில் மாட்டும். சைக்கிளைக் கொஞ்சம் சாய்த்து, காலை முன்பக்கமாகப் பாருக்கு மேலால் எடுத்து இறங்குங்கள். பக்க ஸ்டான்ட் மணலில் புதையும். சுவரோடு சாத்தி வைத்து, கட்டை அவிழ்க்குமுன் உள்ளேயிருந்து யாரையாவது கூப்பிட்டு ஹான்டிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரட்டைப் பையில் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறக்கினால் சைக்கிள் மறுபக்கம் போய்விடும்.