முதல் நாஸ்கார் பந்தயம்: கேலரிக்குப் போகும் முன்பும் போன பிறகும் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சார்லட்டுக்கு வேலை மாறி வந்த புதிதில், "வட்டமாகச் சுற்றுவதை நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்களா?" என்றுதான் நானும் கேட்டேன். அலுவலக நண்பர் ஒருவர் விடாமல் இழுத்துக்கொண்டு போனார். அன்று நான் செய்த தப்புகளில்தான் இந்தப் பதிவில் பாதி இருக்கிறது. நீங்கள் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

அறிமுகம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: நாஸ்கார் என்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பு. ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கும் காரையே ஓட்டும் பந்தயம் என்றுதான் 1948-இல் நாஸ்கார் தொடங்கியபோது பொருள். இன்று கேம்ரி, மஸ்டாங், கமாரோ என்ற பெயரும் முகச்சாயலும் மட்டும்தான் மிச்சம். உள்ளே இருப்பது முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டி.

படி 1: எந்தப் பந்தயம்?

பிப்ரவரி முதல் நவம்பர் வரை முதல்நிலைத் தொடரில் மட்டும் 36 பந்தயங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பெரியது கோகோ கோலா 600. மே கடைசியில், உயிர்நீத்த படைவீரர்களை நினைவுகூரும் மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு. ஒன்றரை மைல் தடத்தில் 400 சுற்று, மொத்தம் 600 மைல், அதாவது சுமார் 965 கிலோமீட்டர். நாஸ்காரில் இதைவிட நீளமான பந்தயம் இல்லை. மாலை வெயிலில் தொடங்கி விளக்கு வெளிச்சத்தில் முடியும்.

முதல் தடவைக்கு இது ரொம்ப நீளம் என்று தோன்றினால் சனிக்கிழமை நடக்கும் இரண்டாம் நிலைப் பந்தயத்துக்குப் போங்கள். டிக்கெட் மலிவு, கூட்டம் குறைவு, பல தடங்களில் சிறுவர்களுக்கு இலவசம்.

படி 2: முன்வரிசை வேண்டவே வேண்டாம்

கிரிக்கெட் பார்த்துப் பழகிய புத்தி, கிட்டே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று கீழ்வரிசையில் டிக்கெட் எடுத்தேன். தெரிந்தது கம்பி வலை மட்டும்தான். அதற்குப் பின்னால் மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் ஏதோ நிறங்கள் போயின. தேய்ந்த டயரிலிருந்து பறக்கும் ரப்பர் துகள்கள் வேறு. கொண்டுபோன எலுமிச்சை சாதத்தில் கறுப்பு எள் தூவியது போல வந்து விழுந்தன.

ஓவல் தடத்தில் உயரம்தான் காசு. மேல்வரிசைகளிலிருந்து பார்த்தால் ஒன்றரை மைலும் கண்ணுக்குள் அடங்கும். முதல் காரும் இருபதாவது காரும் ஒரே சமயத்தில் என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கார்கள் வந்து நிற்கும் பிட் நிறுத்தம் பார்க்க ஆசையென்றால் தொடக்கக் கோட்டுக்கு எதிரே எடுங்கள். சுவரைத் தாண்டி ஐந்து பேர் குதித்து, நாலு டயரும் மாற்றிப் பெட்ரோலும் ஊற்றி அனுப்பப் பத்து விநாடி போல்தான் ஆகும். முந்துவதைப் பார்க்க வேண்டுமென்றால் நாலாவது வளைவு முடிந்து கார்கள் நேராகும் பக்கம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

படி 3: உள்ளே போகும் பாஸ்

இந்தப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் இது. மற்றப் பெரிய விளையாட்டுகளில் ஆட்டக்காரர் பக்கத்தில் போவதென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஒரு பாஸ் வாங்கினால் போதும், பந்தயம் தொடங்கும் சற்று முன்புவரை கார் நிற்கும் தார்ச்சாலையிலேயே நீங்களும் நிற்கலாம். புளோரிடாவில் உள்ள டேடோனா தடத்தில் ரசிகர்கள் தொடக்கக் கோட்டிலேயே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவார்கள். அடுத்த சில மணி நேரத்துக்கு அந்தப் பெயர்கள் மேல்தான் கார்கள் ஓடும்.

பாஸில் இரண்டு வகை. கார் ஓடாத நேரத்தில் மட்டும் கேரேஜில் நடக்க விடுவது கோல்டு (cold, தங்கம் இல்லை) பாஸ். ஓடும்போதும் இருக்க விடுவது ஹாட் பாஸ். இரண்டாவதற்கு முழுக்கால்சட்டை, மூடிய ஷூ என்று உடை விதிகள் உண்டு, வயது வரம்பும் உண்டு. செருப்போடு போய் வாசலிலேயே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் வாங்கும் அதே பக்கத்தில், பந்தயத்துக்கு முன் தடத்தில் இறங்கி நடக்கும் பாஸ் தனியாக விற்கிறதா என்று பாருங்கள். பட்ஜெட்டில் ஒன்றுக்குத்தான் இடமென்றால், நல்ல நாற்காலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள் என்பேன்.

கையெழுத்துக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. மெக்கானிக்குகள் காருக்கடியில் இருக்கும்போது ஓட்டுநரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் கேரேஜிலிருந்து அணியின் லாரிக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம்தான் உங்கள் நேரம். அணிகள் இலவசமாகத் தரும், ஓட்டுநர் படம் போட்ட ஹீரோ கார்டு ஒன்றும் மூடி திறந்த மார்க்கரும் கையில் இருக்கட்டும். ஒரு ஆளுக்கு ஒரு பொருள். 200 பந்தயம் வென்ற பழைய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி, கடைசி ரசிகர் வரை நின்று தெளிவான எழுத்தில் கையெழுத்துப் போடுவதற்குப் பேர் போனவர். இந்தப் பழக்கம் இன்னும் மிச்சமிருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

படி 4: பை

காது அடைப்பான். முதலில் இதை எடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள். சுமார் நாற்பது கார்கள் சேர்ந்து கிளம்பும் சத்தம் நெஞ்செலும்பில் அடிக்கும். குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் கவசம் கட்டாயம்.

அப்புறம் சாப்பாடு. பல நாஸ்கார் தடங்களில் சொந்தச் சாப்பாட்டையும் பானத்தையும் துணியாலான சிறிய கூலரில் எடுத்துப் போகலாம். கண்ணாடி பாட்டில் கூடாது. அளவு விதி தடத்துக்குத் தடம் மாறும், அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பி, சன்ஸ்கிரீன், இரவுக்கு ஒரு மெல்லிய சட்டை. அவ்வளவுதான்.

படி 5: சீக்கிரம் கிளம்புங்கள்

2011-இல் கென்டக்கி தடத்தில் முதல்நிலைப் பந்தயம் முதன்முறையாக நடந்தபோது, கையில் டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலை நெரிசலிலேயே மாட்டிக்கொண்டு பந்தயத்தைப் பார்க்காமல் வீடு திரும்பினார்கள். அந்த அளவுக்கு எப்போதும் ஆகாது. ஆனாலும் தொடங்கும் நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

சார்லட்டில் அந்த நேரம் வீணாகாது. மெமோரியல் டே என்பதால் ராணுவ அணிவகுப்பு பெரிதாக இருக்கும். ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும், வழக்கமாக ஓட்டுநர் பெயர் இருக்கும் இடத்தில், உயிர்நீத்த ஒரு படைவீரரின் பெயர் இருக்கும். பாஸ் இருந்தால் கிட்டே போய்ப் படியுங்கள்.

படி 6: ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, காதால் பாருங்கள்

எல்லாக் கார்களையும் பின்தொடர முயன்றால் இருபதாவது சுற்றில் தலைவலிதான். கூரையிலும் கதவிலும் பெரிதாக எழுதியிருக்கும் எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரசிகர் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்த வேண்டுமென்றால் 9, சேஸ் எலியட். என் வாக்கு 24-க்கு: வில்லியம் பைரன், சார்லட்டிலேயே வளர்ந்தவர், கணினி விளையாட்டில் ஓட்டக் கற்றுத் தொடங்கி நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-ஐ 2024, 2025 இரண்டு ஆண்டும் வென்றவர்.

எண் முடிவானதும் ஸ்கேனர் ஒன்று வாடகைக்கு எடுங்கள். நுழைவாயில் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். கார் எண்ணைத் தட்டினால் அந்த ஓட்டுநரும் அவர் அணியும் ரேடியோவில் பேசுவது அப்படியே உங்கள் காதில். நாஸ்கார் செயலியிலும் கேட்கலாம், ஆனால் ஒலி சற்றுத் தாமதமாக வரும், கூட்டத்தில் நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

மூன்று குரல்களைப் பிரித்துப் பழகுங்கள். உயரத்தில் நின்று ஓட்டுநருக்குக் கண்ணாக இருப்பவர் ஸ்பாட்டர். "இன்சைட்", "ஸ்டில் தேர்", "கிளியர்" என்று பக்கத்தில் யார் இருக்கிறார் என மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டுநர் "லூஸ்" என்றால் வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது. "டைட்" என்றால் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது. அணியை வழிநடத்தும் குரூ சீஃப் அதைக் கேட்டு, அடுத்த நிறுத்தத்தில் என்ன மாற்றலாம் என்று யோசிப்பார். பிட்டில் ஒருவர் பின்கண்ணாடி வழியே நீளமான ஸ்பேனரை விட்டுத் திருகுவதைப் பார்த்தால் இந்த உரையாடலின் விளைவுதான் அது.

600-இல் இது இன்னும் சுவை. பொழுது சாய்ந்து தார் குளிரக் குளிரப் பிடிப்பு கூடும். வெயிலில் ஓடிய கார் இரவில் வேறு காராகிவிடும். மாலை ஆறு மணிக்குப் பறந்தவர் ஒன்பது மணிக்குத் திணறுவார். ஏன் என்று அவரே உங்கள் காதில் புலம்புவார். வெறும் வட்டம் என்று நினைத்த எனக்கு, இந்தக் கருவியை மாட்டிய பிறகுதான் நடப்பது என்னவென்று புரிந்தது.

படி 7: கொடிகள்

பச்சை ஓட்டம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு முழு நிறுத்தம், வெள்ளை கடைசிச் சுற்று, கட்டம் போட்டது முடிவு. மஞ்சள் வந்ததும் கழிப்பறைக்கு ஓடாதீர்கள், எல்லோரும் பிட்டுக்குள் வரும் அருமையான நேரம் அது. 2017 முதல் பந்தயத்தைப் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். 600-இல் நான்கு பகுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் புள்ளிகள் உண்டு.

படி 8: மழை வந்தால்

இந்த வேகத்தில் ஈரத் தடத்தில் ஓட்ட முடியாது. பெரிய ஊதுகருவிகளை வண்டியில் வைத்துத் தடத்தைக் காய வைப்பார்கள், நேரம் பிடிக்கும். தொடங்கவே முடியாவிட்டால் பெரும்பாலும் மறுநாள், அதே டிக்கெட் செல்லும். பாதி தாண்டிய பிறகு மழை வந்தால்தான் சிக்கல்: அதுவரை முன்னணியில் இருந்தவரே வென்றதாக அறிவித்து முடித்துவிடலாம். 2024-இல் கோகோ கோலா 600 அப்படித்தான் 249-ஆவது சுற்றோடு முடிந்தது, கிறிஸ்டோபர் பெல் வென்றார். அன்று பகலில் இண்டியானாபொலிஸ் 500 என்ற வேறொரு பெரிய பந்தயத்தை ஓட்டிவிட்டு விமானத்தில் பறந்து வந்த கைல் லார்சன், இங்கே ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. ஆகவே திங்கட்கிழமையும் விடுமுறையாக இருப்பது நல்லது.

படி 9: வீடு திரும்புதல்

கொடி விழுந்ததும் காருக்கு ஓடினால் காருக்குள் உட்கார்ந்திருப்பீர்கள், அவ்வளவுதான். வென்றவர் டயர் புகையக் காரைச் சுழற்றுவதைப் பாருங்கள், கூலரில் மிச்சமிருப்பதைச் சாப்பிடுங்கள், ஸ்கேனரைத் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று: வந்து கார் நிறுத்தியதும் அந்த இடத்தின் பலகையைப் படம் எடுத்து வையுங்கள். நள்ளிரவுப் புல்வெளியில் எல்லாக் கார்களும் ஒரே நிறம். முதல் வருடம் நாங்கள் சாவியை அமுக்கி அமுக்கி, எங்கே விளக்கு மினுக்குகிறது என்று நாற்பது நிமிடம் தேடினோம். கடைசியில் இருந்தது வேறு மைதானத்தில்.