மலாய் படிக்கத் தமிழ் எழுத்தில் கொப்பி வேண்டாம்

மலாய் தொடங்கும் தமிழர் பெரும்பாலும் முதல் நாளே ஒரு பிழை விடுகிறார்கள்: சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கிறார்கள். கொப்பியில் ‘பகி’ என்று இருந்தால் அது எந்தச் சொல்? ‘பல்’ என்பதில் வரும் ப என்றால் காலைப்பொழுது. ‘கம்பு’ என்பதில் வரும் ப என்றால் ‘-க்காக’. ‘துவா’வும் அப்படித்தான்: ‘தலை’யின் த-வோடு சொன்னால் வயதான, ‘பந்து’வின் த-வோடு சொன்னால் இரண்டு. ஆகவே மலாய்க்காரர் ரூமி என்று சொல்லும் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். இங்கே தமிழில் தருவது வாசிக்கும் வசதிக்கு மட்டும்.

சொல் முடிவையும் கவனியுங்கள். குழந்தைக்கு ‘அனக்’. கடைசி க்-கைத் தொண்டையிலேயே அடைத்து நிறுத்த வேண்டும். நம் நாக்கு உகரம் சேர்த்து ‘அனக்கு’ என்று இழுக்கும்.

முதலில் சொன்ன ப, த ஒலி வேறுபாடு பிடிபடாமல் அகராதியும் பார்க்க முடியாது. வினைக்கு முன்னால் ‘மெ’ ஒட்டும்போது வேரின் முதலில் நிற்கும் பல்-ப, தலை-த போன்றவை விழுந்துவிடும்: ‘துலிஸ்’ (எழுது) ‘மெனுலிஸ்’ ஆகும், ‘பாக்காய்’ (உடுத்து, பயன்படுத்து) ‘மெமாக்காய்’ ஆகும். கம்பு-ப விழாது: ‘பாச்சா’ (வாசி) ‘மெம்பாச்சா’தான். அகராதியில் தேட வேண்டியது வேரை. அதனால் ஒவ்வொரு வினையையும் வேரும் ‘மெ’ வடிவமுமாகச் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். நாளுக்கு ஐந்து சோடி போதும்.

மற்றதெல்லாம் நமக்குச் சாதகம். வினை, ஆளுக்கோ காலத்துக்கோ ஏற்ப மாறாது. கேட்பவரையும் சேர்த்தால் ‘கித்தா’, சேர்க்காவிட்டால் ‘காமி’. அது நாமும் நாங்களும்தான். பேச்சில் இரண்டுக்கும் ‘நாங்கள்’ என்றே பழகியவர்கள்தான் இங்கே தடுக்கி விழுவார்கள்.

சொற்களை வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கலாம். துவாய் ‘துவாலா’, மேசை ‘மெஜா’, வாங்கு ‘பங்கு’: போர்த்துக்கேயர் இரு கரையிலும் விட்டுப்போனவை. தமிழிலிருந்து போனவை கடை (‘கெடாய்’), கப்பல் (‘காப்பல்’), பெட்டி (‘பெத்தி’). றம்புட்டான் வாங்கும்போது தோலைப் பாருங்கள்: ‘ரம்புத்’ என்றால் முடி. ‘துரி’ என்றால் முள். துரியனுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கொழும்பு கொம்பனித்தெருவில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. காது பழக அவர்களோடு பேசலாம், ஆனால் அவர்கள் பேசும் இலங்கை மலாய் தனி மொழி. ஒல்லாந்தர் காலத்தில் வந்தவர்களின் பேச்சு, தமிழோடும் சிங்களத்தோடும் பழகி வினையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. அதில் ‘வீட்டுக்கு’ என்பது ‘ரூமா-நங்’. நம் ‘-க்கு’ போலப் பின்னால் ஒட்டும். மலேசியாவிலோ ‘கெ ரூமாஹ்’, உருபு முன்னால். கோலாலம்பூரில் வேலைக்குப் போகிறவர் இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதக்கூடாது.